திருச்சிக்கா, தெக்கோங்குக்கா?

கேள்வி: ஐயா, நாங்கள் திருச்சிக்காரர்கள். கணவரின் வேலைக்காக 2013-ல் சிங்கப்பூர் வந்தோம். 2017-ல் மூன்று பேருக்கும் நிரந்தரவாசம் (பிஆர்) கிடைத்தது. ஒரே மகன், 15 வயது, உயர்நிலை மூன்றில் படிக்கிறான். அவன் தேசிய சேவை (என்எஸ், ஆண்களுக்கான இரண்டு ஆண்டுக் கட்டாயப் படைச் சேவை) செய்தாக வேண்டும் என்ற பேச்சு எழுந்ததிலிருந்து வீட்டில் தினமும் சண்டை. "பிஆரை எழுதிக் கொடுத்துவிட்டு இவனை ஊருக்கு அனுப்பிவிடுவோம், ப்ளஸ் ஒன் அங்கே படிக்கட்டும்" என்கிறார் கணவர். அவருடைய அண்ணன் மகன் 21 வயதில் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். என் மகன் அந்த வயதில் அப்போதுதான் பல்கலைக்கழகத்துக்குள் நுழைவான். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கோ இந்தக் கவலையே இல்லை. பிறக்காத நாட்டுக்காக என் பிள்ளை ஏன் துப்பாக்கி தூக்க வேண்டும்? இளைஞர்களைச் சட்டம் போட்டுப் படைக்கு இழுப்பது நியாயமா? மகன் வாயே திறப்பதில்லை. நான் என்ன செய்யட்டும்?

பெயர் வெளியிட விரும்பாத தாய், செங்காங்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, பதின்ம வயதுப் பிள்ளைகளோடும் அவர்களின் பெற்றோரோடும் பேசுவதே என் தொழில். 24 ஆண்டுகளாக ஆலோசகராக இருக்கிறேன். நானும் 1986-ல் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு முகாமுக்குப் போனவன். அப்போதெல்லாம் ப்ளஸ் டூ போன்ற ஏ நிலை முடித்தவர்களுக்கு இரண்டரை ஆண்டு. ஆகவே இந்த விஷயத்தில் நான் வெளியே நின்று பேசுபவன் அல்ல என்பதைத் தெரிந்துகொண்டு படியுங்கள்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் ஒரு தடவை சறுக்கினால் சரிசெய்வது கடினம். 13 வயது ஆன பையன் 3 மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்குவதானால் வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். 2 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் பொதுவாகப் பிணைத்தொகையும் கட்ட வேண்டியிருக்கும். அது 75,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்), அல்லது பெற்றோர் இருவரின் ஆண்டு வருமானத்தில் பாதி, இரண்டில் எது அதிகமோ அது. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ என்பது இரண்டு வருடப் படிப்பு. "சத்தமில்லாமல் அனுப்பிவிடலாம், யாருக்குத் தெரியும்" என்று உறவினர் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பதினாறரை வயதில் பதிவு செய்யச் சொல்லி அழைப்பு வரும். அதைத் தட்டினால் 10,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வராமல் இருந்த காலம் நீள நீளச் சிறைக்காலமும் நீளும் என்று 2017-ல் உயர் நீதிமன்றம் வரையறுத்துவிட்டது.

நிரந்தரவாசத்தை முறைப்படி துறப்பது வேறு விஷயம், அதற்கு வழி இருக்கிறது. ஆனால் சேவை செய்யாமல் துறந்தவர் பின்னாளில் இங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பித்தால் அது அவருக்குப் பாதகமாகக் கருதப்படும் என்று அரசு ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறது. நிரந்தரவாசிகள் வெளிநாடு போய்த் திரும்பத் தேவையான மறுநுழைவு அனுமதியைப் பெற்றோர் புதுப்பிக்கும்போதும் அதைக் கணக்கில் எடுக்கலாம். மகனை அனுப்பிவிட்டு நாம் இருவரும் இங்கேயே சம்பாதித்துக்கொண்டிருப்போம் என்று உங்கள் கணவர் நினைத்திருந்தால், அந்தக் கணக்கை அவர் மறுபடி போட வேண்டும். எதைச் செய்வதற்கு முன்பும், தேசிய சேவைப் பதிவைக் கவனிக்கும் சிஎம்பிபி அலுவலகத்தில் உங்கள் மகனின் நிலையைக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் 26 வயது இளைஞர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். உங்கள் கணவர் இப்போது சொல்வதைத்தான் அவர் வீட்டில் பத்து வருடத்துக்கு முன் செய்தார்கள். பள்ளித் தோழன் கல்யாணத்துக்காகச் சுற்றுலாப் பயணியாக வந்திருந்தவர், தான் வளர்ந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். "நான் என்எஸ் செய்திருப்பேனா என்று எனக்கே தெரியாது சார். வேண்டாம் என்றுகூடச் சொல்லியிருப்பேன். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். உங்கள் கடிதத்தைப் படித்ததும் அவர் முகம்தான் முன்னே வந்தது.

இனி உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். இளைஞர்களைச் சட்டம் போட்டுப் படைக்கு அழைப்பது நியாயமா?

சிங்கப்பூர் இந்தக் கேள்விக்கு ஒருமுறை இல்லை என்றும் ஒருமுறை ஆம் என்றும் பதில் சொன்ன ஊர். 1954-ல் பிரிட்டிஷ் ஆட்சி 18 முதல் 20 வயது வரையிலான ஆண்களைத் தேசிய சேவைக்குப் பதிவு செய்யச் சொன்னது. சீனப் பள்ளி மாணவர்கள் கொதித்துப்போனார்கள். அந்த ஆண்டு மே 13-ஆம் தேதி ஏறக்குறைய 500 மாணவர்கள் தெருவில் காவல்துறையோடு மோதினார்கள். எங்களுக்கு ஓட்டும் இல்லை, உரிமையும் இல்லை, உங்கள் பேரரசைக் காக்க நாங்கள் எதற்கு உயிர் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

13 ஆண்டு கழித்து, 1967 மார்ச்சில், தற்காப்பு அமைச்சர் கோ கெங் சுவீ கொண்டுவந்த மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. முதல் பதிவுக்குச் சுமார் 9,000 இளைஞர்கள் அழைக்கப்பட்டார்கள். முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. படைவீரர் வேலை என்றால் மட்டமாகப் பார்த்த காலம் அது. ஆனாலும் சமூக நிலையங்களில் விருந்து வைத்து, பிள்ளைகளை வழியனுப்பினார்கள். இடையில் என்ன மாறியது? 1965-ல் மலேசியாவிலிருந்து பிரிந்து நாடு தனியாகிவிட்டது. கையில் இருந்தவை இரண்டே காலாட்படைப் பிரிவுகள். இந்தோனேசியாவுடனான மோதலில் அதே 1965-ல் ஆர்ச்சர்ட் சாலைப் பக்கம் மெக்டோனல்ட் ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வெடித்து மூன்று பேர் இறந்திருந்தார்கள். சம்பளப் பட்டாளம் ஒன்றைப் பெரிதாக வைத்துக்கொள்ளப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், இந்த முறை அழைத்தது அவர்களே ஓட்டுப்போட்ட அரசு.

கட்டாய சேவைக்கு நான் கேட்கும் நியாயமும் அதுதான். உண்மையான தேவை இருக்க வேண்டும், வேறு வழியில் அதைத் தீர்க்க முடியாமல் இருக்க வேண்டும், கேட்பவரிடம் கேட்கும் உரிமை இருக்க வேண்டும். "மிலிட்டரியில் போட்டால்தான் இந்தக் காலத்துப் பையன்கள் திருந்துவார்கள்" என்று நம்மவர்கள் டீக்கடையில் சொல்வது இதில் சேராது. பிள்ளை வளர்ப்பில் நாம் விட்ட குறையைச் சரிசெய்ய ஒரு நாடு யாருடைய இரண்டு ஆண்டுகளையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜெர்மனி 2011-ல் கட்டாய சேவையை நிறுத்திவைத்தது, தேவை போய்விட்டது என்று நினைத்ததால். சுவீடன் 2010-ல் நிறுத்தி, அக்கம்பக்க நிலவரம் மாறியதும் 2017-ல் திரும்பக் கொண்டுவர முடிவெடுத்தது, இம்முறை பெண்களையும் சேர்த்து. சுவிட்சர்லாந்து 2013-ல் மக்களிடமே கேட்டது. நான்கில் மூன்று பங்குக்கு நெருக்கமானவர்கள் இருக்கட்டும் என்று வாக்களித்தார்கள். தேவையைத் திரும்பத் திரும்ப எடைபோட்டுப் பார்க்கும் இந்த வழக்கம் எனக்குப் பிடிக்கிறது. சிங்கப்பூரில் அந்தத் தேவை இன்றும் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். இத்தனை சிறிய தீவு, பிறப்பு விகிதம் இறங்கிக்கொண்டே போகும் ஊர், வேறு எப்படித் தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்பதற்கு எனக்கு விடை தெரியவில்லை.

சுமை எல்லார் தோளிலும் ஒரே மாதிரி விழவேண்டும் என்பதும் உண்டு. இங்கே மக்கள் மிகக் கூர்மையாகப் பார்ப்பது இதைத்தான். மெல்வின் டான் என்ற பியானோ கலைஞர் சிறுவயதில் இசை படிக்க இங்கிலாந்து போனவர், சேவைக்குத் திரும்பவில்லை, பிரிட்டிஷ் குடிமகனாகிவிட்டார். 2005-ல் அவர் வந்தபோது 3,000 வெள்ளி அபராதத்தோடு விட்டார்கள். ஊரே கொந்தளித்தது. என் பிள்ளையின் இரண்டு வருடம் 3,000 வெள்ளிதானா என்று பேருந்திலும் காப்பிக்கடையிலும் கேட்டார்கள். அடுத்த ஆண்டே அபராத உச்சவரம்பை 10,000 வெள்ளியாக உயர்த்தினார்கள். உங்கள் மகன் இங்கேயே இருந்து, சேவையை மட்டும் தாண்டிப் போக ஏதாவது குறுக்கு வழி உண்டா என்று தேடினால், அவனுடைய வகுப்புத் தோழர்கள் அவனை எப்படிப் பார்ப்பார்கள் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. பெண்களையும் அழைத்தால் சமுதாயம் கொடுக்கும் விலை பலனைவிட மிக அதிகம் என்று அன்றைய தற்காப்பு அமைச்சர் இங் எங் ஹென் 2022-ல் நாடாளுமன்றத்தில் சொன்னார். நான் வேறு விதமாக நினைக்கிறேன். தேசிய சேவைக்காகக் குடிமைத் தற்காப்புப் படையில் சேர்ந்து ஆம்புலன்ஸில் ஓடும் இளைஞன் செய்வதை ஓர் இளம்பெண் செய்ய முடியாதா? முதியோர் பெருகிவரும் ஊரில் மருத்துவமனைக்கும் பராமரிப்பு இல்லங்களுக்கும் கைகள் தேவைதானே? ஜெர்மனியில் பல்லாண்டுகள் படைக்கு வர மறுத்த இளைஞர்கள் அப்படித்தான் முதியோர் இல்லங்களில் சேவை செய்து தீர்த்தார்கள்.

மறுத்தவர்கள் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மதநம்பிக்கையால் ஆயுதம் ஏந்த மாட்டேன் என்கிற யெகோவா சாட்சிகளைச் சிங்கப்பூர் தடுப்பு முகாமில் சிறை வைக்கிறது. அவர்களுக்கு மாற்றுச் சேவை கிடையாது. வடகொரியா என்ற பகையை வாசலில் வைத்திருக்கும் தென்கொரியாவே 2020-ல் அப்படிப்பட்டவர்களுக்கு மாற்று வழி திறந்துவிட்டது. இங்கும் திறக்க வேண்டும். தேசிய சேவையை மனதார ஆதரிக்கிறவனாகவே இதைச் சொல்கிறேன்.

ஆபத்து இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2019 ஜனவரியில் நியூசிலாந்தில் நடந்த பயிற்சியில் ஊர் அறிந்த ஓர் இளம் நடிகர், முழுநேரச் சேவை முடித்தவர்களை மீண்டும் அழைக்கும் மறுசேவைக்குப் போனவர், பீரங்கி வாகனத்துக்குள் நசுங்கி உயிரிழந்தார். அதற்கு முந்தைய ஆண்டு வெப்பத் தாக்குதலில் ஓர் இளைஞர் இறந்திருந்தார். பயிற்சியின் வேகத்தைக் குறைத்தார்கள், பாதுகாப்பை மேற்பார்வையிடத் தனி அலுவலகம் அமைத்தார்கள். செய்தவை சரிதான், ஆனால் அந்தத் தாய்மாருக்கு அது பதில் ஆகாது. உங்கள் பயம் கற்பனை அல்ல. அதை யாராவது சிரித்து ஒதுக்கினால் பொருட்படுத்தாதீர்கள்.

"பிறக்காத நாட்டுக்காக" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் மகன் மூன்று வயதில் வந்திருக்கிறான். அவனுக்கு நினைவு தெரிந்த வீடு செங்காங்தான். படித்த பள்ளி, ஏறி இறங்கிய எம்ஆர்டி, தமிழ் மொழி வகுப்பு, தோழர்கள் எல்லாம் இங்கே. திருச்சி அவனுக்கு டிசம்பர் விடுமுறை. மலைக்கோட்டையும் தாத்தா வீட்டு மொட்டை மாடியும் பிரியமானவையாக இருக்கலாம், ஆனால் பதினோராம் வகுப்பில் பாதியில் போய் உட்கார்ந்து நீட், ஜேஇஇ என்று ஓடும் பிள்ளைகளோடு அவனும் ஓடவேண்டும். உங்களுக்கு அது ஊர் திரும்புவது. அவனுக்கு அது வெளிநாடு போவது. கணவரோடு பேசும்போது இதை மறக்காதீர்கள்.

இரண்டு ஆண்டு வீண் என்ற கணக்கைப் பற்றி. சிலருக்கு வீண்தான், மறுக்க மாட்டேன். ஸ்டோரில் பெட்டி எண்ணியே காலத்தைக் கழித்தவர்களை எனக்குத் தெரியும். எனக்கு அப்படி இல்லை. துறைமுகத் தொழிலாளியின் மகன் நான். என் படுக்கைக்கு ஒரு பக்கம் ஹொக்கியன் மட்டும் பேசும் மீன் வியாபாரி மகன், மறுபக்கம் புக்கிட் தீமா பங்களாப் பையன். அணிவகுப்புக் கட்டளைகள் அத்தனையும் மலாயில்: ஸெடியா, ஸெனாங் டிரி, செப்பாட் ஜாலான். முதல் வாரம் மூவருக்கும் ஒன்றும் புரியவில்லை. இரவு விளக்கணைத்த பிறகு மலாய்ப் பையன் ஒருவன் மூலையிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுப்பான். அவன் இப்போது தாத்தா ஆகிவிட்டான். நோன்புப் பெருநாளுக்கு நான் அவன் வீட்டுக்கும், தீபாவளிக்கு அவன் என் வீட்டுக்கும் வந்துபோகிறோம்.

என் தங்கை மகன் 2015-ல் சேர்ந்தான். முதல் நாள் பெற்றோரையும் படகில் ஏற்றி, அடிப்படைப் பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவுக்குக் கூட்டிப்போவார்கள். படுக்கும் இடத்தைக் காட்டி, சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளையோடு உட்கார வைத்து ஒருவேளை சாப்பாடும் போடுவார்கள். சைவத் தட்டும் உண்டு, கவலை வேண்டாம். தங்கை விடியற்காலையில் எழுந்து எலுமிச்சைச் சாதம் கட்டி எடுத்து வந்திருந்தாள். அதைத் திறக்கவே இல்லை. திரும்பும் படகில் டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி வந்தாள்.

சில வாரம் கழித்துப் பயிற்றுநர்கள் பெற்றோரிடம் கடிதம் கேட்டார்கள். காட்டு முகாமில் ஐந்தாறு நாள் குளிக்காமல், குழி வெட்டி, மழையில் படுத்துக் கிடக்கும் பிள்ளைகளுக்கு ஓர் இரவு அந்தக் கடிதங்களைக் கொடுப்பார்கள். பையனுக்குத் தெரியாது. "ஆங்கிலத்திலா தமிழிலா எழுதட்டும்?" என்று தங்கை என்னைக் கேட்டாள். உனக்கு எதில் அழுகை வருமோ அதில் எழுது என்றேன். தமிழில் எழுதினாள், இரண்டு பக்கம். உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் ஓ நிலைத் தேர்வோடு தமிழை மூட்டை கட்டி வைத்தவன் அவன். டார்ச் வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்ததாகவும், 'றி' வரும் இடத்திலெல்லாம் நின்று நின்று போனதாகவும், மற்றவர்கள் படித்து முடித்துத் தூங்கிய பிறகும் தான் படித்துக்கொண்டிருந்ததாகவும் பிறகு சொன்னான். நனையாமல் ஸிப்லாக் பையில் போட்டு அதை வீட்டுக்குக் கொண்டுவந்தான். இன்றும் வைத்திருக்கிறான்.

உங்கள் மகன் ஏன் பேசுவதில்லை என்று கேட்டீர்கள். வீட்டில் நடக்கும் சண்டையில் அவனுக்கு இரண்டே இடம்தான் விட்டிருக்கிறீர்கள்: அப்பா பக்கம், அல்லது அம்மா பக்கம். இரண்டு பேரையும் நேசிக்கும் பையன் மௌனமாகத்தான் இருப்பான். சாப்பாட்டு மேசையில் நிறுத்திவைத்து "உன் முடிவு என்ன?" என்று கேட்டால் தோள் குலுக்குவான், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வீர்கள். அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் புளோக்கிலேயே வெள்ளிக்கிழமை இரவு முகாமிலிருந்து வார விடுப்பில் புக் அவுட் ஆகிப் பச்சைப் பையோடு மின்தூக்கிக்குக் காத்திருக்கும் அண்ணன் யாராவது இருப்பான். அவனோடு ஒரு மணி நேரம் உட்காரவிடுங்கள், நீங்கள் கூட இருக்க வேண்டாம். நல்லதும் கெட்டதும் அவன் வாயாலேயே வரட்டும்.

அதன்பிறகு உங்கள் மகன் உண்மையாகவே ஊருக்குப் போக விரும்பினால், கதவு சாத்தப்படுவதைத் தெரிந்துகொண்டே விரும்பினால், முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டு அனுப்புங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. குடும்பம் முழுவதும் திரும்ப வேண்டியிருக்கலாம் என்பதையும் கணவர் அப்போது ஏற்றுக்கொள்ள வேண்டும். இருக்கிறேன் என்றால், இப்போதிருந்தே ஓடச் சொல்லுங்கள். 2.4 கிலோமீட்டர் ஓட்டம், தண்டால், வயிற்றுப் பயிற்சி என்று சேர்வதற்கு முன்பே உடற்தகுதித் தேர்வில் தேறிவிட்டால் சேவைக் காலம் 2 மாதம் வரை குறையும். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் சேவை முடியும் வரை எடுத்து வைப்பார்கள். ஆஸ்துமாவோ வேறு தொந்தரவோ இருந்தால் மருத்துவப் பரிசோதனையில் மறைக்காமல் சொல்லட்டும், அதற்கேற்ற பணியைத்தான் கொடுப்பார்கள். ஆண்மைக்கு இழுக்கு என்று மறைத்துவிட்டுப் பின்னால் அவதிப்பட்ட பையன்களைப் பார்த்திருக்கிறேன்.

என் விருப்பம் என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அவன் இருக்க வேண்டும், செய்ய வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. ஆனால் 2017-ல் அந்த விண்ணப்பத்தில் கையெழுத்திட்டது நீங்கள் இருவரும். பூட்ஸ் மாட்டப் போவது அவன். என் ஆசைக்கோ உங்கள் கணவரின் கோபத்துக்கோ இதில் இரண்டாவது இடம்தான்.

பதிவுக் கடிதம் வர இன்னும் கொஞ்சம் காலம் இருக்கிறது. இந்த ஞாயிறு மாலை மூவருமாகச் சாங்கி கடற்கரைக்குப் போய்வாருங்கள். அங்கிருந்து பார்த்தால் தெக்கோங் தெரியும். நடந்துகொண்டே, முதலில் அவனிடம் இதைச் சொல்லுங்கள்: "அந்த விண்ணப்பம் போட்டபோது உனக்கு ஏழு வயது, உன்னிடம் நாங்கள் கேட்கவில்லை. இப்போது கேட்கிறோம்." சொல்லிவிட்டு நீங்கள் இருவரும் பேசாமல் நடங்கள். அவன் உடனே பதில் சொல்லாவிட்டால் அடுத்த ஞாயிறும் போங்கள். என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.